அவர் எழுந்திருக்கிற துண்டு

பழுத்த வாழைப்பழ வாசனை எனக்கு ஆகாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், காரணம் ஒருவருக்கும் தெரியாது. ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் வீட்டில் ஒரு விசேஷம். தாம்பாளம் நிறைய வாழைப்பழத்தை அடுக்கிவிட்டார்கள். நான் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். “வயசாக ஆகக் கிறுக்கு ஏறுது” என்று உள்ளே முணுமுணுப்பு கேட்டது. கிறுக்கெல்லாம் இல்லை. பத்தொன்பது வயதில் நான் ஒரு மனிதரை ஒரு சின்னப் புட்டிக்குள் போட்டுக் கரைத்தேன். அந்தப் புட்டியில் இந்த வாசனைதான் அடித்தது. இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததே அயோக்கியத்தனம். இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் படம் இன்னும் பேசத் தொடங்காத காலம். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா, வீடு ராயபுரத்தில். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய மாமா அதே ராயபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் கையால் சுற்றுகிற பழைய சினிமா கேமரா ஒன்று இருந்தது. தேர்த் திருவிழா, ஜமீன் வீட்டுக் கல்யாணம் என்று ஊர் ஊராக அதைக் கொண்டுபோவார். ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் தருகிறேன் என்று மருமகனிடம் சொல்லிவிட்டார். படக் கம்பெனிகள் மிச்சம் விட்ட பிலிம் துண்டுகளையும் எங்கிருந்தோ பொறுக்கிக் கொடுத்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவுக்கு அவன். கதை, வெட்டி ஒட்டுவது, விளம்பரம் எல்லாம் நான். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று நினைப்பு.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மீனவர் கடலில் கட்டுமரம் கவிழ்ந்து நீந்திக் கரையேறுகிறார். மணலில் நடந்து வந்து படுக்கிறார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பாடை கட்டித் தூக்கிப் போகிறார்கள். கால் மணி நேரம்கூட ஓடாது. சோகமாக முடிந்தால்தான் உயர்ந்த கலை என்று யார் எங்கள் தலையில் ஏற்றினார்களோ தெரியாது.

மீனவராக நடிக்க ஆள் தேடி நாங்கள் அலையவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவின் புருஷன் காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், சிரித்தால் முகம் பூராவும் சிரிக்கும். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, “என் மூஞ்சி இம்மாம் பெருசாத் தெரியுமாமே, நெசமா தம்பி?” கைகளை அகல விரித்துக் காட்டினார். தெரியும் அண்ணே என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அக்காதான் கேட்டாள். வலை காய்கிற இடத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். “இன்னா நைனா, உசுரோட கீற மன்சன பாடைல ஏத்துவியா? படிச்ச புள்ளையா நீ?”

“வேஷம்தான் அக்கா. நிஜமில்லையே.”

“வேசமோ கீசமோ. படுத்தவரு படுத்துகினே கீறக் கூடாது. பாடைலேர்ந்து ஏந்து குந்துவாரு பாரு, அத்தயும் படம் புடிக்கணும். புடிச்சாப் போதாது. அல்லாருக்கும் காட்டணும். காட்டறேன்னு கடலம்மா மேல சத்தியம் பண்ணு.”

“வுடு புள்ள, பையன மெரட்டாத” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து அலை வரை இழுத்துப் போனாள். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, எல்லாருக்கும் காட்டுவேன் என்று சத்தியம் செய்தேன். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து போய்விட்டது. கேமராத் தோழன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததும் எனக்குத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் குப்பத்து ஜனம் முழுக்கக் கரையில்தான். முதலில் கடலிலிருந்து வருகிற காட்சி. அலைக்கு நடுவில் தலை மட்டும் தெரிய வேண்டும், பிறகு கழுத்து, மார்பு, இடுப்பு என்று வெளியே வர வேண்டும், கேமராவைப் பார்த்தபடியே நடந்து வந்து மணலில் படுக்க வேண்டும். இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்தோம். மனிதர் பிரமாதமாகச் செய்தார். கண் இமைக்காமல் எங்களை நோக்கி நடந்து வந்தார். படுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடியதும் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை ஐயோ என்று கத்திவிட்டாள்.

பாடைக் காட்சியில்தான் தகராறு. மூங்கிலும் பச்சை மட்டையும் கட்டியாகிவிட்டது. தூக்க ஒத்துக்கொண்ட நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அண்ணனோடு தினமும் மரத்தில் போகிற கூட்டாளி. “இன்னிக்கு சனிக்கெயம. சனிப் பொணம் தனியாப் போவாது. ஒரு கோயி கட்டாம நாங்க தோள் குடுக்க மாட்டோம்” என்றார் அவர். பொணமே இல்லையே ஐயா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கேமராவை மாலையில் திருப்பித் தர வேண்டும். கடைசியில் யார் வீட்டிலிருந்தோ ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்து வந்து மூங்கிலில் கட்டினார்கள். நெற்றியில் காசு, வாயில் அரிசி, கழுத்தில் மாலை. அவர் அசையாமல் கிடந்தார். கோழி மட்டும் போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போனது. பேசாத படமாச்சே, கத்தினால் கத்தட்டும் என்று தோழன் காதோடு சொன்னான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பாடையை இறக்கினார்கள். கடைசியாக மிச்சமிருந்த கொஞ்சம் பிலிமில் அந்தத் துண்டை எடுத்தோம். சத்தியம் பண்ணிக் கொடுத்த துண்டு. அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து நெற்றிக் காசை எடுத்துப் பார்த்தார். வாயிலிருந்த அரிசியைத் துப்பினார். கோழியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து முகம் பூராவும் சிரித்தார். பிலிம் தீர்ந்துவிட்டது. அக்கா ஓடி வந்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள், அவரைக் கடலுக்குள் தள்ளி மூன்று முழுக்குப் போட வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “புடிச்சிகினியா?” என்று கேட்டாள். புடிச்சாச்சு அக்கா என்றேன்.

பிலிமைக் கழுவிக் காயவைத்தது மாமாவின் ஸ்டுடியோவில். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேமராவில் எடுப்பது நெகட்டிவ். அதிலிருந்து இன்னொரு பிலிமில் பிரதி எடுத்தால்தான் திரையில் காட்ட முடியும். பிரதிக்கு எங்களிடம் இருந்த பிலிம் மிகக் குறைவு. அதனால் நெகட்டிவையே முதலில் வெட்டிச் சுருக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் பிரதி எடுப்பது என்று முடிவு செய்தோம். கத்திரிக்கோல் என் கையில்.

வெட்ட வெட்ட எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பாடை கரையோரமாகப் போய்ச் சின்னதாக மறைகிறது. அங்கே முடித்தால் அழகாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுந்து கோழியோடு பல்லைக் காட்டினால் மொத்தமும் தெருக்கூத்தாகிவிடுகிறது. தோழன் கேட்டான், “சத்தியம் பண்ணியேடா?” அந்த ஜனங்களுக்கு என்ன தெரியும், பெரிய திரையில் அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துபோகும் என்றேன். வெட்டியது நான்தான். தோழன் மேல் பழி போட எனக்கு வாய் வராது.

அந்தத் துண்டை மேஜைக்கடியில் போட்டுவிட்டு ஒட்ட உட்கார்ந்தேன். பிலிமை ஒட்டுகிற பசையைக் கடையில் வாங்கலாம், நாமே காய்ச்சியும் கொள்ளலாம். மருந்துக்கடையில் ஒரு திரவம் கிடைக்கும், வாழைப்பழ வாசனை அடிக்கும். வேண்டாத பிலிமை வெந்நீரில் போட்டுக் கறுப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும் சின்னச் சின்னதாக நறுக்கி அந்தத் திரவத்தில் ஊறப்போட்டால் கரைந்து பசையாகிவிடும். மாமாவின் புட்டி அன்று காலியாக இருந்தது. வேண்டாத பிலிம் என்று ஸ்டுடியோவில் என் காலடியில் கிடந்தது ஒன்றே ஒன்றுதான்.

எது என்று தெரியாமல் எடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். வெந்நீரில் தேய்க்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் அவர் முகம் கறுப்பு, பல் அதைவிடக் கறுப்பு. கட்டை விரலால் தேய்த்தேன். முகம் அழுக்காகக் கரைந்து கிண்ணத்துக்கு அடியில் போய்த் தங்கிவிட்டது. மிச்சத்தை நறுக்கிப் புட்டியில் போட்டேன். மறுநாள் நல்ல கெட்டியான பசை. அந்தப் பசையால்தான் அவருடைய சாவை ஒட்டினேன், ஒரு ஒட்டுக்கூடப் பிரியவில்லை. மாமாவே கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உனக்குத் தொழில் கை இருக்குடா என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரதியும் எடுத்தாயிற்று. அடுத்தது விளம்பரம். டோல்கேட் பக்கத்தில் தகரம் போட்ட சினிமாக் கொட்டகை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு காட்சிக்கு இடம் கொடுத்தார்கள். நோட்டீஸ் அடிக்க வேண்டும். மற்றவர்கள் மாதிரி பச்சையிலும் சிவப்பிலும் அடிக்கக் கூடாது, பார்த்தவன் திடுக்கிட வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. சாவுக்கு அனுப்புகிற கருமாதிக் கடிதாசி மாதிரி நாலு பக்கமும் கறுப்புக் கரை போட்டேன். நடுவில் பாடையில் மாலையோடு அவர் படம். அடியில் சின்ன எழுத்தில் கொட்டகையும் நேரமும். மாட்டு வண்டியில் தப்பட்டை அடித்துக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலை பூராவும், காசிமேட்டுக் குப்பத்துக்குள்ளும் வாரி வாரி வீசினோம்.

மறுநாள் குப்பத்துப் பக்கம் போனவன் திகைத்துப் போனேன். மணல் முழுக்க எங்கள் நோட்டீஸ் சுக்கு நூறாகக் கிழிந்து கிடந்தது. ஒன்றுகூட முழுசாக இல்லை. எவ்வளவு திமிர் இந்த ஆட்களுக்கு என்று வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொருமினேன். அம்மா நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். படக்கென்று அதை நாலாகக் கிழித்துத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். கருமாதிக் கடிதாசியைப் படித்தவுடன் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. இது சின்ன வயதிலிருந்து எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் செய்திருக்கிறேன் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வந்தாள். கூடை இல்லை. மீன் இல்லாமல் அவள் எங்கள் தெருவுக்கு வந்து நான் பார்த்ததே கிடையாது.

“மூணு நாளா மரம் கரையிலதான் கீது நைனா. கூட்டாளி வர மாட்டேன்னுட்டான். வேற ஆளக் கூப்ட்டா அவனும் மூஞ்சத் திருப்பிகினு போறான். ஒருத்தனும் அவரு கூட ஏற மாட்டேங்கறான்.”

“அண்ணன் கண்ணெதிர நடமாடிட்டுதானே அக்கா இருக்காரு? அதைப் பார்த்துமா?”

“இவரு நடமாடறாரு, சரி. அந்தப் படத்துல கீறவரு படுத்துகினே கீறாரே. அவரு ஏந்துக்காத வரைக்கும் எவன் ஏறுவான்? கடல்ல போற தொயிலு, சொம்மாவா?” குரலை இறக்கினாள். “நா சொல்லிட்டேன் அல்லார் கிட்டயும். ஞாயித்துக்கெயம வந்து பாருங்கடா, எங்காளு ஏந்து சிரிக்கறத பாத்துட்டு அப்பாலப் பேசுங்கடான்னு. காட்டுவ இல்ல?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “காட்டுவேன் அக்கா” என்றேன்.

அன்றே ஸ்டுடியோவுக்கு ஓடினேன். கேமரா மதுரைப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போய்விட்டது, வரப் பத்து நாளாகும். கிண்ணத்தின் அடியில்கூட ஒன்றுமில்லை, மாமா சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். புட்டியில் கால் பங்கு பசை. மூடியைத் திறந்தேன், வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வெளியே வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான் அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குச் சீக்கிரமே போய், மிஷின் சுற்றுகிற வயசான பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். “அரே தம்பி, துண்டு இல்லேன்னா இன்னா? அந்த ஆளு மணல்ல வந்து படுக்கறான்ல? படம் முடிஞ்சப்பறம் அந்த எடத்தத் திருப்பி மாட்டி உல்ட்டாவா சுத்தறேன். படுத்தவன் ஏந்துட்டுப் போறான். இதுக்குப் போயி பேஜார் ஆவறியே” என்றார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். படுத்தவர் எழுந்துவிடுவார் என்பது ஒன்றுதான் என் புத்தியில் ஏறியது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றவே இல்லை, கூட்டமும் அதற்குள் வந்துவிட்டது.

குப்பமே வந்திருந்தது. தரை டிக்கெட்டில் முன்வரிசையில் அண்ணனும் அக்காவும். அவர் புது வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். அவரைச் சுற்றி ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டே மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் வராமல் வாசலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டதும் படம் ஓடியது. அலையில் அவர் தலை தெரிந்ததும் அவரே “தோ, நானு” என்று சத்தமாகச் சொன்னார். பாடை வந்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு குரல், பிறகு பத்துக் குரல், நிஜமான ஒப்பாரி. படம் முடிந்து திரை வெள்ளையாயிற்று. யாரும் எழுந்திருக்காதீங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு என்று நான் முன்னால் ஓடி வந்து கத்தினேன்.

பாய் திருப்பிச் சுற்றினார். மணலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். தலை நிமிர்ந்தது. முதுகு மணலை விட்டு எழும்பியது, எழுந்து நின்றேவிட்டார். “ஏந்துட்டான்! ஏந்துட்டான்டா!” என்று கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அக்கா திரும்பி இருட்டில் என்னைத் தேடி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிக் கும்பிட்டதில்லை.

பாய் நிறுத்தவில்லை. அவருக்குப் பிலிம் நின்றால் விளக்குச் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்ற பயம், சுற்றிக்கொண்டே போனார். திரையில் எழுந்து நின்றவர் நடக்கத் தொடங்கினார், பின்பக்கமாக. முகம் எங்களைப் பார்த்தபடியே இருக்கிறது, கண் இமைக்கவில்லை, கால் மட்டும் பின்னால் போகிறது. கரைக்கு வந்து உடைய வேண்டிய அலை கரையிலிருந்து கிளம்பிக் கடலைப் பார்த்துச் சுருண்டு போகிறது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. நிறுத்துங்க பாய் என்று நான் அலறினேன். கழுத்து வந்தது. கடைசியில் தலை மட்டும் அலைக்கு நடுவில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பார்கள், என்னுடையது குரங்கைவிட மோசமாய் முடிந்தது.

துணியை விலக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது. அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அவர் வருகிற வழியிலிருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மறுநாள் அக்கா வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். “அவரு சிரிச்சாரே நைனா, கோயியக் கையில வெச்சிகினு. அந்தத் துண்டு எங்க?” இனி மறைக்கத் தெம்பில்லை, ஒன்று விடாமல் சொன்னேன். பசை என்றால் அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் விளங்கியது. நெடுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. இன்னும் ஒரு வயி கீது” என்றாள். “நீ ஏறு. நாளைக்கு வெடியக்காலைல அவரு கூட மரத்துல ஏறு. நீதான படுக்க வெச்ச? நீ ஏறி, நல்லபடியாப் போயி வந்துட்டா அல்லாரும் ஏறுவாங்க. இதெல்லாம் சொம்மா வேசம்னு நீதான சொன்ன?”

சொன்னேன்தான். வருகிறேன் என்றேன், உண்மையாகவே போகிற எண்ணத்தோடு. நீச்சல் தெரியாதுதான், ஆனால் அவர் பக்கத்தில் இருக்கிறபோது என்ன பயம்?

வெளுக்கிற நேரத்தில் காசிமேட்டில் போய் நின்றேன். சொல்லி வைத்த மாதிரி குப்பத்து ஆட்கள் எல்லோரும் அவரவர் மரத்தருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டாளியும் துடுப்போடு நின்றிருந்தார், நான் ஏறினால் அவரும் கூட ஏறுவதாகப் பேச்சு. அண்ணன் மரத்தைத் தண்ணீரில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “வா தம்பி. முட்டி வரைக்கும் தண்ணி வந்தாப் பயப்படாத. நா கீறேன் இல்ல?” என்று கூப்பிட்டார். இறங்கினேன். முட்டி வரை வந்தது. ஒரு அலை திரும்பிப் போனபோது என் பாதத்துக்கு அடியிலிருந்த மணலையும் உருவிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் இடுப்புத் தண்ணீரில் என்னைப் பார்த்தபடி நின்றார். அந்த இடுப்பு, அந்தப் பார்வை, அந்த அலை. நேற்று முன்தினம் திரையில் பார்த்த அதே ஆள்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். கரை காலில் தட்டும் வரை நடந்தேன். கோழியைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன், அப்படி நடந்தேன். “தம்பி” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். கூட்டாளி என்னைப் பார்த்தார், துடுப்பை மணலில் போட்டார். பின்னாலிருந்து அக்காவின் குரல், என்னைப் பார்த்துச் சொன்னதுகூட இல்லை: “படிச்ச புள்ள, படம் புடிச்ச புள்ள, அதுவே ஏறல.”

அவர் ஒண்டியாகப் போனார். செத்துப்போனார் என்று நினைக்காதீர்கள். உச்சிவேளைக்கெல்லாம் கொஞ்சம் மீனோடு திரும்பி வந்தார். அதனால் ஒன்றும் மாறவில்லை. அவரோடு ஏற நானே அஞ்சினதைக் குப்பமே பார்த்துவிட்டது, இனி யார் ஏறுவார்கள்? ஒற்றை ஆள் எத்தனை நாளைக்கு மரம் தள்ள முடியும்? மழைக்காலத்துக்கு முன்பே மரத்தை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்கா எங்கள் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டாள். அம்மா வேறு ஒருத்தியிடம் மீன் வாங்கினாள், நான் மீன் சாப்பிடுவதையே நிறுத்தினேன்.

சில வருஷங்கள் கழித்து அப்பா எனக்கும் துறைமுகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் நிலக்கரிக் கப்பல் வந்திருந்தது. கரிக்கூடை சுமக்கிற வரிசையில் தலையிலிருந்து கால்வரை கறுத்துப்போன ஒரு உயரமான ஆள் என்னைக் கடக்கும்போது நின்றார். கரிக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது. நெகட்டிவில் பார்த்த முகம், உடனே தெரிந்துவிட்டது. “அண்ணே” என்றேன்.

கூடையை இறக்காமலே கேட்டார். “அந்தப் படம் இன்னும் கீதா தம்பி?”

இருந்தது. தகர டப்பாவில், என் அலமாரியின் மேல்தட்டில். எத்தனையோ தடவை அதைக் கொண்டுபோய்க் கொளுத்த நினைத்திருக்கிறேன். என் கையால் செய்த ஒரே படம், மனசு வரவில்லை.

“இருக்கு அண்ணே.”

“இன்னும் நா படுத்துகினுதான் கீறனா?”

அவர் வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை காட்டுவேன் என்று பொய் சொன்னவன் நான். மூன்றாவது தடவை முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சரி என்கிற மாதிரி கூடையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டார். பின்னால் வந்தவன் நகரு நகரு என்று சத்தம் போட்டான், வரிசை நகர்ந்தது.